பதினாலு சீமை எலிகளும் ஒரு வீட்டோடு மாப்பிள்ளையும்

கல்யாணமான ஏழு வருஷத்தில் வேதாசலத்தை ஆம்பூர்க் கடைத்தெருவில் ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காசி மேஸ்திரி வூட்டு மாப்ள" என்பார்கள். வாலாஜாபேட்டைப் பக்கம் தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பன் வீட்டில் வளர்ந்தவன். கெங்கம்மாள் தன் ஒரே மகள் தேவகியை அவனுக்குக் கட்டிக்கொடுத்து, அவனை வீட்டோடு வைத்துக்கொண்டாள். வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஊரில் ஒரு இளக்காரம் உண்டு. வீட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

அவன் எப்போதும் எல்லோருக்கும் கடைசியில்தான் சாப்பிடுவான். அப்படிச் சாப்பிடு என்று யாரும் சொன்னதில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தால் மைத்துனன் காசி சோறு பிசைவதை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பான். கெங்கம்மாள் குழம்புச் சட்டியைத் தன் பக்கமாக ஒரு சாண் இழுத்துக்கொள்வாள். அதற்கு மேலும் உட்கார்ந்திருக்க வேதாசலம் என்ன எருமை மாடா? ரோஷக்காரன்தான். ஆனால் பசி அடங்கிய பிறகு வரும் ரோஷம் அது. யாருக்கும் பிரயோஜனமில்லை.

காசி, தோல் பதனிடும் ஒரு தோல்ஷாப்பில் மேஸ்திரி. தங்கை புருஷனைச் சுண்ணாம்புக் குழியில் இறக்கிவிட்டிருந்தான். மூன்று வருஷம் அந்தக் குழியில் தோலை மிதித்ததில் வேதாசலத்தின் கைகால் தோல் வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. களிம்பு வாங்கத் தர்ம ஆஸ்பத்திரிக்குப் போனான். தோல் வியாபாரிகள் சேர்ந்து கட்டிய சின்ன ஆஸ்பத்திரி அது. பட்டணத்தில் படித்துவிட்டு வந்த டாக்டர் அருணகிரி அங்கே பின்கட்டில் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு அறை வைத்திருந்தார். அந்தப் பரிசோதனைக்குச் சீமை எலியின் ரத்தம் கொஞ்சம் வேண்டும். அதற்காகக் கொல்லைப்புறத்தில் கம்பிவலை அடித்த பட்டியில் எட்டு உருப்படிகள் இருந்தன.

முயலுக்கும் எலிக்கும் பஞ்சாயத்து பேசி முடித்து வைத்ததுபோல ஒரு பிராணி. வாலில்லை. இங்கிலீஷில் அதன் பெயருக்குள் பன்றி வருகிறது என்பதால் பரிசோதனை அறைக் கம்பவுண்டர் கவுஸ் பாஷா அந்தப் பெயரை வாயாலும் சொல்ல மாட்டார், பேனாவாலும் எழுத மாட்டார். அவருடைய ரிஜிஸ்டரில் அது 'சீமை எலி'தான். டாக்டர் இரண்டு தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

களிம்புக்குக் காத்திருந்த வேதாசலம் பட்டியோரம் முளைத்திருந்த அறுகம்புல்லைப் பிடுங்கிப் போட்டான். எட்டும் விசில் அடித்துக்கொண்டு ஓடிவந்தன. தான் வந்ததற்காக ஒரு கூட்டம் சந்தோஷப்பட்டதை அவன் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தான். அங்கேயே நின்றுவிட்டான். டாக்டருக்கும் புல்லறுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மறுநாளே வேலையில் சேர்ந்தான்.

சேர்ந்த ஒரு மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தான். தெரிந்த பெயரைத்தானே வைக்க முடியும்? எல்லாம் மாமியார் வீட்டுப் பெயர்கள். புல் கட்டைப் போட்டதும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, தானும் மெல்லத் தின்று, மற்றவற்றையும் கிட்டே விடாத கிழப் பெட்டைக்குக் கெங்கம்மா. எட்டில் ஒரே ஆண், இடுப்பை ஆட்டி ஆட்டி உறுமிக்கொண்டு வலம் வருவது, காசி. அவன் காலடிச் சத்தம் கேட்டதும் முதலில் கத்துவது தேவகி. ஒருநாள் பெண்டாட்டியிடம் இதைச் சொன்னான். தேவகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "எங்க பெரியம்மா பேரு வெக்கலியா? பாவம், அவங்களும் இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். வெள்ளையில் காப்பிக்கொட்டை நிறத் திட்டு உள்ளதற்குப் பெரியம்மா பெயர் போயிற்று. கவுஸ் பாஷா எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் நம்பருக்குப் பக்கத்தில் கர்மசிரத்தையாக எழுதிக்கொண்டார். பாஷாவுக்கு எழுதக் கிடைத்தால் போதும்.

இப்படி இரண்டு வருஷம் நன்றாகப் போயிற்று. பிறகுதான் மெட்ராஸிலிருந்து ரயில் பார்சலில் ஒரு மூங்கில் கூடை வந்தது. உள்ளே புதிதாக ஆறு பெட்டைகள்.

"வேதாசலம், ரெண்டு வாரம் தனியா வை. சீக்கு எதுவும் இல்லேன்னு பார்த்துட்டு, பழசோட சேர்த்துடு. கம்பி போட்ட பட்டி ஒண்ணுதான் இருக்கு. வெளில வெச்சா கீரி தூக்கிட்டுப் போயிடும்" என்றார் டாக்டர். அதோடு விட்டிருக்கலாம். "இதுல ஒண்ணு செத்தாலும் உன்னை வெச்சுக்க மாட்டேன். மேஸ்திரியே போன வாரம் கேட்டார், சுண்ணாம்புக் குழிக்கு ஆள் குறையுதாம்" என்றும் சொன்னார்.

வேதாசலத்துக்கு உள்ளங்கை அரித்தது. புண் ஆறி இரண்டு வருஷம் ஆகியும் சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டால் அரிக்கும். போனால் இந்த வேலை மட்டுமா போகும்? உலகத்தில் அவன் வரவுக்குக் காத்திருக்கும் ஒரே கூட்டமும் போய்விடும். சீமை எலி இல்லாத வேதாசலம் மறுபடியும் வெறும் காசி வீட்டு மாப்பிள்ளை.

பதினைந்தாம் நாள் காலையில் ஆறையும் பட்டிக்குள் விட்டான். ஒரு விநாடி எல்லாம் சும்மா இருந்தன. பிறகு கெங்கம்மா தலையைத் தூக்கிப் பல்லை நறநறவென்று கடித்தது. காசி இடுப்பை ஆட்டியது. அடுத்த நிமிஷம் பட்டி முழுக்க வைக்கோல் பறந்தது. கிழக் கெங்கம்மா பாய்ந்து ஒரு புதுசின் காது ஓரத்தைக் கடித்தெடுத்துவிட்டது. வேதாசலம் அலறிக்கொண்டு ஆறையும் வாரி மறுபடி கூடையில் போட்டான். காது கடிபட்டது அவன் மடிக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கவுஸ் பாஷா யோசனை சொன்னார். "தோஸ்த், எங்க வூட்டுக்கு மருமவ வந்தப்போ அம்மா இன்னா செஞ்சாங்க தெரியுமா? ஒரு டேக்ஷா நிறைய பிரியாணி போட்டு எல்லாரையும் ஒண்ணா குந்த வெச்சாங்க. வாய்ல சோறு இருந்தா பேச்சு வராது. தீனிய ஜாஸ்தி போடு."

மறுநாள் நாலு பங்கு புல்லும் கேரட் இலையும் பட்டியெங்கும் பரப்பிவிட்டு உள்ளே விட்டான். எல்லாம் ஒற்றுமையாகத் தின்றன. தின்று முடித்து, நல்ல தெம்போடு, முந்தின நாளைவிடப் பலமாகச் சண்டை போட்டன.

"பேஜார் புடிச்ச ஜாதி" என்றார் பாஷா. "உங்க வூட்ல பிரியாணி முடிஞ்சப்புறம் இன்னா ஆச்சு பாய்?" என்று வேதாசலம் கேட்டான். பாஷா பேனா முனையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க வேதாசலம் பட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். பழசு எதுவும் புதுசின் முகத்தைப் பார்க்கவில்லை. மோந்து பார்த்துத்தான் பாய்ந்தது. அவனுக்குத் தோல்ஷாப் வாசலில் கட்டியிருந்த நாய் நினைவுக்கு வந்தது. புது ஆள் வந்தால் குலை நடுங்கக் குரைக்கும். அதே ஆள் மூன்று நாள் குழியில் நின்றுவிட்டு வந்தால் வாலை ஆட்டும். மூன்று நாளில் எவனும் ஒரே நாற்றம்தான். தோலும் அப்படித்தானே? எந்த ஊர்ச் சரக்கானாலும் ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் முக்கி எடுத்தால் அப்புறம் பழசென்ன, புதுசென்ன?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். வேதாசலம் அதுவரை புல்லோடு நிறுத்திக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் தோல்ஷாப்புக்கு ஓடி, தெரிந்தவனிடம் கெஞ்சி ஒரு குடம் பட்டைத் தண்ணீர் வாங்கிவந்தான். ஆஸ்பத்திரிக் கொல்லையில் துணி ஊற வைக்கும் பழைய தொட்டி ஒன்று கிடந்தது. அதில் ஊற்றி, வெந்நீர் கலந்து, கை பொறுக்கும் பதம் பார்த்தான். பதினாலையும் ஒவ்வொன்றாகக் கழுத்துவரை அமுக்கி, தேய்த்து, குளிப்பாட்டினான். கெங்கம்மாவைத் தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வெயிலில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுக் கவிழ்த்த கூடைகளால் அணை கட்டினான். பாருங்கள், அதிசயம்! ஒன்றும் பல்லைக் கடிக்கவில்லை. ஈரத்திலும் பயத்திலும் நடுங்கிக்கொண்டு பதினாலும் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தன. கெங்கம்மா, காது கடிபட்டதை மோந்து பார்த்தது. மறுபடி மோந்தது. தன் வாசனைதான். பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. வேதாசலத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை சுலபமா இது? ஒரு குடம் பட்டைத் தண்ணீரில் முடிகிற காரியத்துக்கா மனுஷன் ஏழு வருஷம் கஷ்டப்படுகிறான்?

அரைமணி நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. வெயில் ஏற ஏற, வெள்ளை எலி சாம்பல் ஆயிற்று. சாம்பல் நீலம் ஆயிற்று. நீலம் மசிக் கறுப்பாக நின்றது. காப்பிக்கொட்டைத் திட்டு, மஞ்சள் முதுகு, வெள்ளை நெற்றி எல்லாம் போய்ப் பதினாலு கறுப்பு உருண்டைகள் சாக்கின்மேல் உட்கார்ந்து அவனைப் பார்த்தன.

வேதாசலம் தொட்டியைத் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம் முழுக்கத் துரு. இரும்புத் தொட்டி.

பட்டைத் தண்ணீரில் இரும்பு படக்கூடாது, பட்டால் சரக்கு கறுத்துப் போகும். தோல்ஷாப்புக்குள் காலை வைத்தவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இது. வேதாசலம் முதல் நாளே இரும்புக் கொக்கியோடு போய்க் காசியிடம் அறை வாங்கிக் கற்ற பாடம். சீமை எலிக்கும் அது பொருந்தும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

டாக்டர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரோடது?"

"நம்மதுதாங்க."

ரிஜிஸ்டரில் ஒவ்வொரு எலிக்கும் நிறமும் திட்டும்தான் அடையாளம். போன புதன்கிழமை மூன்றுக்கு ரத்தம் எடுத்திருந்தது. அவற்றிடம் இன்னும் இரண்டு வாரத்துக்குள் மறுபடி எடுத்தால் செத்துவிடும். புதுசு ஆறையும் ஒரு மாதம் தொடக்கூடாது. நாளை புதன்கிழமை. வார்டில் ஆட்கள் பரிசோதனைக்குக் காத்திருக்கிறார்கள். எந்தக் கறுப்பைத் தொடுவது, எந்தக் கறுப்பை விடுவது?

"இந்தக் கறையை எடுக்கத் தெரிஞ்சவனைக் கூப்பிடு" என்று ஆள் அனுப்பினார். ஆம்பூரில் தோல் கறைக்குப் பேர்போன மேஸ்திரி யார்? பத்தே நிமிஷத்தில் காசி வந்து சேர்ந்தான்.

வந்தவன் சாக்கைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான், வேதாசலத்தைப் பார்த்தான். விழுந்து விழுந்து சிரித்தான். "இரும்பா மாப்ள? மறுபடியும் இரும்பா? எலிச்சம்பழச் சாறு போட்டுத் தேய்ச்சா கொஞ்சம் வெளுக்கும் டாக்டர். முழுசாப் போவணும்னா முடி உதுந்து புதுசு மொளைக்கணும். ரெண்டு மாசம் ஆவும். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, நாளைக்கே இவனை குழிக்கு இட்டுக்கினு போய்டறேன்."

டாக்டர் வேதாசலத்தைப் பார்த்து, "எது எதுன்னு உன்னால சொல்ல முடியுமா?" என்று கேட்டார். "சொல்ல முடிஞ்சா வேலையில இரு. இல்லேன்னா இவரோட கிளம்பு."

முடியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வான். வேதாசலம் வாயைத் திறப்பதற்குள் கவுஸ் பாஷா ரிஜிஸ்டரை விரித்துக் கணீரென்று படித்தார்:

"நம்பர் ஒண்ணு, கெங்கம்மா."

காசியின் சிரிப்பு அப்படியே நின்றது.

வேதாசலத்தின் முன்னால் இரண்டு வழிதான். தெரியவில்லை என்று சொன்னால் வீட்டில் மானம் தப்பும், குழிக்குப் போக வேண்டும், நாளை ஊசி தவறானதன்மேல் இறங்கும். தெரியும் என்றால் இன்று ராத்திரி அந்த வீட்டுக்குள் காலை வைக்க முடியாது. அவன் ஒரு பிடி அறுகம்புல்லை எடுத்து நடுவில் போட்டான். ஒரு கறுப்பு உருண்டை சாவகாசமாக நடந்துபோய்ப் புல்லின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இதுதாங்க" என்றான். "தின்னாலும் தின்னாட்டியும் மேலதான் குந்தியிருக்கும். வேற யாரையும் வுடாது."

தராசில் வைத்தார்கள். முப்பத்தி நாலு அவுன்ஸ். ரிஜிஸ்டரிலும் அதுவே. டாக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"நம்பர் நாலு, காசி" என்றார் பாஷா, இம்மியும் குரல் மாறாமல்.

"அது மத்ததுங்க பாக்கறப்போ இடுப்ப ஆட்டி உறுமும்" என்றான் வேதாசலம், தரையைப் பார்த்துக்கொண்டே. "கை கிட்ட வந்தா மொதல்ல ஓடி ஒளியறதும் அதுதாங்க."

டாக்டர் கையை நீட்டினார். ஒன்று தெறித்து ஓடிக் கவிழ்த்த கூடையின் அடியில் நுழைந்தது. ஆண்தானா என்று திருப்பிப் பார்த்தார்கள். சாட்சாத் ஆண்தான். காசி மீசையைத் தடவ எடுத்த கையைப் பாதியில் இறக்கிவிட்டான். டாக்டர் இருமுவதுபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் சிரித்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

வேதாசலம் கொல்லைக் கோடிவரை போய்த் திரும்பி நடந்து வந்தான். காலடி கேட்டதும் ஒன்று முதலில் விசிலடித்தது. "நம்பர் அஞ்சு, தேவகி" என்றான். "வூட்லயும் அப்படித்தான்" என்று காசி தன்னையறியாமல் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று விழித்தான். தேவகியைத் தொடர்ந்து மற்றப் பழசுகளும் கத்தின. சும்மா இருந்தவை புதுசு. இப்படியே பெரியம்மா, சித்தி, பாட்டி எல்லாம் ஒவ்வொருவராக அவரவர் குணத்தோடு தராசில் ஏறி இறங்கினார்கள். ஒரு அவுன்ஸ் பிசகவில்லை.

"புதுசுக்குப் பேர் வெக்கலியா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுக்கு வெச்சிருக்கு" என்றார் பாஷா. "நம்பர் பதினொண்ணு. வேதாசலம்."

காது கடிபட்டது அது; பெட்டைதான், பெயர் மட்டும் இவனுடையது. எல்லாவற்றுக்கும் பின்னால், கூடையோரமாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. புல் நடுவில் கிடந்தது. அது அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதை எப்படி அடையாளம்? காதை வெச்சா?" என்றார் டாக்டர்.

"காது இல்லாங்காட்டியும் தெரியும்ங்க. எல்லாம் தின்னுட்டு நவுந்தப்புறம்தான் அது வரும். யாராவது பாத்துக்கினு இருந்தா அப்பவும் வராது."

காசி எலுமிச்சம்பழம் அனுப்புவதாக முணுமுணுத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை வேதாசலம் தெருவை இரண்டு தடவை சுற்றிவிட்டு வீட்டுக்குள் போனான். தேவகி சோறு போட்டாள். காசி உம்மென்று உட்கார்ந்திருந்தான். கெங்கம்மாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் இரண்டு கவளம் இறங்கியிருக்கும். வேலை நிலைத்தது, ஆனால் வீடு போயிற்று என்று முடிவு கட்டிக்கொண்டு படுத்தான்.

புதன்கிழமை சரியான எலிகளிடமே ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினாலு கறுப்பும் ஒரே பட்டியில், ஒரே வாசனையில், சண்டையில்லாமல் இருந்தன. வேதாசலம் மத்தியானப் புல்லைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. கெங்கம்மாள் நின்றிருந்தாள், கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு. பக்கத்தில் தேவகி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க அது?" என்றாள் கெங்கம்மாள். "அந்த மகராசி எதுன்னு காட்டச் சொல்லுடி."

காட்டவே வேண்டியிருக்கவில்லை. புல் கட்டின்மேல் அகலமாக உட்கார்ந்திருந்தது. கெங்கம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"கருப்பா இருந்தாலும் லட்சணமாத்தான் இருக்குது" என்றாள் கடைசியில். பிறகு பட்டிக்குள் கையை விட்டு அதன் பின்புறத்தில் ஒரு தட்டு தட்டினாள். "எழுந்துருடி. எத்தினி நேரம்தான் மேலயே குந்திக்கினு இருப்பே? மத்தவங்களும் துண்ண வேணாம்?" அது முறைத்துக்கொண்டு இறங்கியது.

கெங்கம்மாள் கீரைக் கட்டிலிருந்து இளங்கொத்தாக ஒன்றை ஒடித்து, கம்பிவலை ஓரம் ஒண்டியிருந்த காது கடிபட்டதன் முன்னால் வைத்தாள். அது வலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. "துண்ண மாட்டேங்குதே" என்றாள்.

"பழக்கமில்ல அத்தே" என்றான் வேதாசலம். "பாத்துக்கினு இருந்தா துண்ணாது."

கெங்கம்மாள் ஒரு கணம் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கிடந்த சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சரி, நான் பாக்கல. சாப்டச் சொல்லு."

பின்னால் கீரை கடிபடும் சத்தம் கேட்கிறவரை அவள் திரும்பவேயில்லை.